வட சென்னைத் தண்ணீரில் ஆறு வருடம்: பழைய ஸ்டீம் பாய்லரை மாற்றிய அனுபவம்

பழைய பாய்லர் மணிக்கு 2 டன் நீராவி தருவது. மூன்று பாஸ் ஷெல் வகை (சூடான புகை தண்ணீருக்கு நடுவே மூன்று முறை போய்வரும்), ஃபர்னஸ் ஆயிலில் ஓடியது. கட்டடம் தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனை. நீராவி போகிற இடங்கள் மூன்று: சமையற்கூடம், சலவைக்கூடம், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அறை. 2019இல் அதை எடுத்துவிட்டு, மணிக்கு 500 கிலோ திறனுள்ள இரண்டு டீசல் பாய்லர்களை வைத்தோம். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்தப் பகுதியில் எந்த கம்பெனி பாய்லர் என்பதைவிட அதற்குள் என்ன தண்ணீர் போகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

பழையதன் அளவையே புதியதற்கும் வாங்கக் கூடாது. 2 டன் பாய்லர் பகல் முழுக்க ஐந்து நிமிடம் எரிந்து பத்து நிமிடம் அணைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை பற்றவைக்கும் முன்னும் பர்னர் காற்றை ஊதி எரி அறையைச் சுத்தம் செய்யும். அந்தக் காற்றோடு சூடும் சிம்னி வழியே போய்விடும். தேவையைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 100 லிட்டர் சாம்பார் அண்டாவை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு 20 நிமிடத்தில் கொண்டுவர 7,000 கிலோ கலோரி, அதாவது சுமார் 13.5 கிலோ நீராவி. மணிக் கணக்கில் 40 கிலோ, இழப்பும் சேர்த்தால் 45. இப்படி ஆறு அண்டா, சலவை டிரையர்கள், துணியை உருளையில் இஸ்திரி போடும் காலண்டர், ஆட்டோகிளேவ் எல்லாம் காலை ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் ஒன்றாக ஓடினாலும் மணிக்கு 650 கிலோவைத் தாண்டவில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பாய்லரின் பெயர்த் தகட்டில் போட்டிருக்கும் 500 கிலோ என்பது 100 டிகிரி தண்ணீரை 100 டிகிரி நீராவியாக்கும் கணக்கு. ஒரு கிலோவுக்கு 540 கிலோ கலோரி. 30 டிகிரி தண்ணீரை ஊற்றி, சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் நீராவி எடுத்தால் கிலோவுக்கு 631 வேண்டும். ஆக, கையில் கிடைப்பது 428 கிலோதான். அதே பாய்லருக்கு 80 டிகிரி தண்ணீர் கொடுத்தால் 465. இரண்டு பாய்லரும் சேர்ந்தால் காலை நெரிசலுக்குப் போதும். மதியத்துக்குமேல் ஒன்று ஓய்வெடுக்கும். ஆய்வுக்கு ஒன்றைத் திறந்தாலும் சமையல் நிற்காது.

பழையதை அகற்றுவது நினைத்ததைவிட மெதுவான வேலை. அந்தக் கால லேகிங்கிலும் (வெப்பக் காப்பு உறை) மேன்ஹோல் மூடியை அடைக்கும் கயிற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை உலர்ந்த நிலையில் பிய்க்க விடாதீர்கள். நனைத்து எடுத்து, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். காயலான் கடைக்காரர் "எல்லாத்தையும் சேர்த்து நாங்களே எடுத்துக்கிறோம்" என்பார். ஒத்துக்கொள்ளக் கூடாது, அந்தத் தூசியை மூச்சில் இழுக்கப்போவது அவர் ஆட்கள்தான். அன்றாட எரிபொருள் வைக்கும் டே டேங்கின் அடியில் ஃபர்னஸ் ஆயில் கசடு தார் மாதிரி உறைந்திருக்கும். அதை வழித்து, காற்றோட்டம் கொடுத்து, வாயு சோதனை முடித்த பிறகுதான் கேஸ் கட்டிங்.

இனி தண்ணீர். இங்கே மெட்ரோ வாட்டர் குறையும்போது போர்வெல், அதுவும் போதாவிட்டால் லாரி. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறியது எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தப் பக்கக் கடலோரப் போர்வெல்கள் பெரும்பாலும் அந்தக் குணம்தான். எங்கள் கலப்புத் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு) லிட்டருக்கு 900 மில்லிகிராம் சுற்றுவட்டம். முதல் வருடம் சாஃப்ட்னர் மட்டும் வைத்தோம். சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், அவ்வளவே. சுண்ணாம்புப் படிவு வராது, உப்பு குறையாது. ஷெல் பாய்லருக்குள் டிடிஎஸ் 3,500ஐத் தாண்டக் கூடாது. 900 உள்ள தண்ணீருக்கு ப்ளோடவுன் (உப்பேறிய கொதிநீரைத் திறந்துவிடுவது) எவ்வளவு? 900ஐ 3,500க்கும் 900க்கும் உள்ள வித்தியாசமான 2,600ஆல் வகுத்தால் 35 சதவீதம். 100 கிலோ நீராவிக்கு 35 கிலோ கொதிநீரைச் சாக்கடையில் விட வேண்டும். எரிபொருளில் சுமார் 7 சதவீதம் அதில் போகும். மனசு வராமல் ப்ளோடவுனைக் குறைத்தால் உள்ளே நுரை கட்டும், கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் துள்ளும், நீராவியோடு உப்புத் தண்ணீரும் கிளம்பிப்போய் வெளுத்த படுக்கை விரிப்பில் கறையாக நிற்கும்.

இரண்டாம் வருடம் சாஃப்ட்னருக்குப் பின்னால் ஆர்ஓ சேர்த்தோம். ஊற்றுகிற தண்ணீரின் டிடிஎஸ் 50. ப்ளோடவுன் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே. ஆர்ஓ தண்ணீர் சற்று அமிலமாக இருக்கும் என்பதால் காஸ்டிக் சோடா சொட்டுவிட்டு, பாய்லருக்குள் பிஎச் 10.5க்கும் 11.5க்கும் நடுவில் நிற்கும்படி பார்க்க வேண்டும். சாஃப்ட்னரை விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் ஆர்ஓ சவ்வே அடைத்துக்கொள்ளும். சாஃப்ட்னரில் 100 லிட்டர் ரெசின் (கால்சியத்தைப் பிடிக்கும் மணிகள்), தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் 12,000 லிட்டர் தாண்டும் முன் 15 கிலோ உப்பு போட்டு மீளேற்றம் செய்துவிட வேண்டும். சோதனைக் கிட்டில் இரண்டு சொட்டு விட்டால் நீலம் வர வேண்டும். சிவந்தால் அன்றைக்கு அந்தத் தண்ணீர் பாய்லருக்கு இல்லை. ஷிஃப்டுக்கு ஒரு முறை, இரண்டு நிமிட வேலை. ஒரு மில்லிமீட்டர் படிவு பிடித்துவிட்டால் டியூப் அளவுமீறிச் சூடேறிக் கெட்டுப்போகலாம். அதற்கு முன்னாலேயே டீசல் பில் ஏறியிருக்கும்.

ஆர்ஓவின் இன்னொரு நன்மை எதிர்பார்க்காத இடத்தில் தெரிந்தது. முதல் வருடம் கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து ஆன தண்ணீர்) திரும்பும் குழாய்கள் மரைகளில் ஒழுகின. அறுத்துப் பார்த்தால் குழாயின் அடிப்பக்கம் வாய்க்கால் போல அரித்திருந்தது. தண்ணீரில் உள்ள பைகார்பனேட் பாய்லர் சூட்டில் உடைந்து கரியமில வாயுவாகும்; அது நீராவியோடு போய், குளிர்ந்த இடத்தில் கார்பானிக் அமிலமாகிக் குழாயைத் தின்னும். வழக்கமான மருந்து அமீன் என்ற ரசாயனம். ஆனால் நம் சமையற்கூடத்தில் இட்லிப் பெட்டிக்குள் நீராவி நேராகப் பாய்கிறது. பாய்லரில் போடுகிற மருந்து இட்லியில் வந்து சேரும். அதனால் அமீனும் வேண்டாம், ஹைட்ரசீன் (ஆக்சிஜனை நீக்கும் நச்சு ரசாயனம்) கண்டிப்பாகவே வேண்டாம். மருந்து விற்க வருகிறவரிடம் "இந்த ஸ்டீம் சாப்பாட்டுல படும்" என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். தண்ணீரில் கரைந்து டியூபை அரிக்கும் ஆக்சிஜனுக்கு உணவுத் தரச் சோடியம் சல்ஃபைட் போதும், பாய்லருக்குள் லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் மீதம் நின்றால் சரி. பைகார்பனேட்டை ஆர்ஓ முன்னாலேயே எடுத்துவிட்டதால் அரிப்பு பெருமளவு அடங்கியது.

பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் டேங்கை 85 டிகிரியில் வைத்தால் கரைந்த ஆக்சிஜன் பெரும்பாலும் வெளியேறிவிடும். டியூபில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழாது. டீசலும் மிச்சம்: தண்ணீர் 6 டிகிரி சூடாக வந்தால் ஒரு சதவீதம். ஆனால் அந்தச் சூட்டுத் தண்ணீரைத் தரைமட்டத் தொட்டியிலிருந்து பம்பு இழுக்காது. உறிஞ்சும் வாயிலேயே ஆவியாகி, கூழாங்கல் அரைக்கிற சத்தம் வரும், அடுத்து லோ வாட்டர் ட்ரிப் (தண்ணீர் குறைந்து பாய்லர் தானாக அணைவது). டேங்கைப் பம்புக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் ஏற்றியதும் நின்றது. 304 ஸ்டெயின்லெஸ் டேங்க் என்றால் உப்புத் தண்ணீரைச் சூடாக உள்ளே விடாதீர்கள். 60 டிகிரிக்கு மேல் குளோரைடு வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

ஸ்டீம் லைனுக்கு 50 மிமீ குழாய் போதும். நீராவி போகும் திசையில் நூறுக்கு ஒன்று சரிவு. 30 மீட்டருக்கு ஒரு வடிகால் பாக்கெட், அதில் ஒரு டிராப் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் கருவி). காலையில் மெயின் வால்வை ஒரேயடியாகத் திறந்தால் குழாயில் நின்ற தண்ணீர் சுத்தியலாக அடிக்கும். பத்து நிமிடம் எடுத்து மெதுவாகத் திறக்க வேண்டும். மெயின் லைனில் தெர்மோடைனமிக் டிராப், அண்டாவுக்கும் காலண்டருக்கும் ஃப்ளோட் டிராப். அண்டாக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிராப் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒன்று கொதிக்கும், பக்கத்தில் உள்ளது வெதுவெதுப்பாகவே நிற்கும். டிராப் ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டால் 3 மிமீ ஓட்டை வழியாக மணிக்கு 28 கிலோ நீராவி போகும்; டீசலில் இரண்டு லிட்டருக்கு மேல். ரிட்டர்ன் டேங்கில் வழக்கத்தைவிடப் புகை கிளம்பினால் அன்றே டிராப்களை ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேட்பது நல்லது.

பர்னரில் தொந்தரவு குறைவு. டீசலைப் பீச்சும் நாசில் வருடம் ஒன்று, சுடரைக் கண்காணிக்கும் ஃபோட்டோசெல்லுக்கு வாரம் ஒரு துடைப்பு. சிம்னி வெப்பமானியைக் கவனியுங்கள்: சுத்தமாக இருக்கும்போது 220, அது 260ஐத் தொட்டால் கரி பிடித்துவிட்டது, டியூபுக்குப் பிரஷ் போட வேண்டும். 22 டிகிரி ஏறினால் ஒரு சதவீதம் எரிபொருள் வீண்.

கடற்காற்று வெளியில் இருப்பதை எல்லாம் தின்கிறது. கால்வனைஸ்டு தகடு மூன்றாம் வருடமே பூத்துவிட்டது, இப்போது அலுமினியம். சிம்னியின் மேல் மீட்டரும் தொப்பியும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். பாய்லர்களையும் பேனலையும் 60 சென்டிமீட்டர் மேடைமேல் வைத்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் காப்பாற்றியது. அறைக்குள் முழங்கால் தண்ணீர், பர்னர் மோட்டாரில் ஒரு சொட்டு படவில்லை. ஆனால் பாதி காலியாக இருந்த டீசல் டேங்க் மிதந்து குழாயை முறுக்கிவிட்டது. மழைக்காலத்துக்கு முன் டேங்கைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி, நிரப்பியும் வையுங்கள்.

1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதில் 2025இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. நம் வேலையில் நடைமுறை பழையதுதான். பதிவு, வருடாந்திர ஆய்வு, ஹைட்ராலிக் டெஸ்ட், சான்று பெற்ற அட்டெண்டன்ட், அங்கீகாரம் பெற்ற வெல்டர். ஆய்வு தேதிக்கு மூன்று வாரம் முன்பே மேன்ஹோல் கேஸ்கெட், கேஜ் கிளாஸ், சேஃப்டி வால்வு ஸ்ப்ரிங் மூன்றையும் வாங்கி வைத்துவிடுங்கள். திறந்த பிறகு சைஸ் தேடி பாரிமுனை கடைகளில் அலைந்தால் ஒரு வாரம் சமையற்கூடம் ஒரே பாய்லரில் ஓடும்.