ரெய்டு 5-க்கு எக்ஸ்எஃப்எஸ்ஸா, இஎக்ஸ்டி4-ஆ?

பெரிய வீடியோ கோப்புகளை வைக்க நான்கு ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸ் ரெய்டு 5 (பல டிஸ்க்குகளை ஒன்றாக்கி, ஒன்று பழுதானாலும் டேட்டா தப்பும் அமைப்பு) அமைத்தேன். அதில் போட்ட ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) எக்ஸ்எஃப்எஸ். போட்டிக்கு நின்றது இஎக்ஸ்டி4. நம்பகத்தன்மை, ஜர்னல் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவு) எல்லாம் இரண்டிலும் உண்டு, அதைப் பேச வேண்டியதில்லை. ஃபார்மேட் செய்யும் கருவி டிஸ்க்குகளின் அமைப்பைப் புரிந்துகொண்டு இடம் பிரிக்கிறதா என்பதைத்தான் பார்த்தேன்.

ரெய்டு 5-இல் ஒரு ஸ்ட்ரைப்பின் (எல்லா டிஸ்க்குகளிலும் குறுக்கே பரவும் ஒரு வரிசையின்) ஒரு பகுதியை மட்டும் எழுதினால், பழையதைப் படித்து, பேரிட்டியைத் (இழந்த டேட்டாவை மீட்க உதவும் கணக்கை) திரும்பக் கணக்கிட்டு எழுத வேண்டும். முழு ஸ்ட்ரைப்பாக எழுதினால் அந்தப் படிப்பு மிச்சம். லினக்ஸில் ரெய்டு அமைக்கும் கருவியான எம்டிஏடிஎம் இயல்பாக வைக்கும் சங்க் (ஒரு ஸ்ட்ரைப்பில் ஒரு டிஸ்க்குக்கு வரும் துண்டு) 512 கேபி. நான்கில் ஒரு டிஸ்க் அளவு பேரிட்டிக்குப் போக, டேட்டாவுக்கு மூன்று டிஸ்க் என்றால் முழு ஸ்ட்ரைப் 1.5 எம்பி.

சாஃப்ட்வேர் ரெய்டில் இந்த எண்களைக் கர்னலிடமிருந்து இரண்டு கருவிகளுமே எடுத்துக்கொள்ளும். சில ரெய்டு கார்டுகள் எதையும் சொல்லாது, அங்கே நாம்தான் தர வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு '512கே, 3' என்று இருப்பதை அப்படியே சொன்னால் போதும். இஎக்ஸ்டி4-க்கு 4 கேபி பிளாக்கால் வகுத்து ஸ்ட்ரைட் (சங்கின் அளவு) 128, ஸ்ட்ரைப் அகலம் 384 என்று தர வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. எக்ஸ்எஃப்எஸ் மொத்த இடத்தையும் ஒதுக்கீட்டுக் குழுக்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு குழுவின் தொடக்கத்திலும் காலியிடக் கணக்கு போன்ற, அடிக்கடி மாறும் விவரங்கள் இருக்கும். குழுவின் அளவு ஸ்ட்ரைப் அகலத்தின் சரியான மடங்காக அமைந்துவிட்டால், அந்தத் தொடக்கங்கள் ஒரே டிஸ்க்கில் குவியும் ஆபத்து உண்டு. அளவை நாம் குறிப்பிடாமல் விட்டால், கருவியே அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிடுகிறது. பிடிவாதமாக அப்படியொரு அளவைக் கொடுத்தால் எச்சரிக்கவும் செய்கிறது. இஎக்ஸ்டி4-இன் ஸ்ட்ரைடும் இதற்காக வந்ததுதான். ஆனால் இப்போது 16 பிளாக் குழுக்களின் பிட்மேப்கள் (எது காலி என்ற பதிவுகள்) சேர்ந்தே இருப்பதால் அதற்கு அவ்வளவு வேலை இல்லை.

பின்னால் டிஸ்க் சேர்ப்பதில் இஎக்ஸ்டி4 சுலபம். ஐந்தாவது டிஸ்க் சேர்த்தால், அதன் அமைப்பை மாற்றும் டியூன்2எஃப்எஸ் கருவியில் ஸ்ட்ரைப் அகலத்தை 512 (128 × 4) என்று மாற்றினால் முடிந்தது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் மவுன்ட் செய்யும்போது 512 பைட் கணக்கில் 1024, 4096 என்று தர வேண்டும், ஆனால் விவரம் காட்டும் எக்ஸ்எஃப்எஸ்_இன்ஃபோ கருவி பிளாக் கணக்கில் 128, 512 என்று காட்டும். அளவைச் சுருக்கவும் தேவைப்படும் என்றால் தயங்காமல் இஎக்ஸ்டி4-க்குப் போங்கள். சின்னக் கோப்புகள் குவியும் மெயில் சர்வர் மாதிரி வேலைகளில் எனக்கு அனுபவம் குறைவு, அங்கே இந்த முடிவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒன்று: எதைப் போட்டாலும் ரெய்டின் மேல் பார்ட்டிஷன் போடாமல் நேரடியாக ஃபார்மேட் செய்யுங்கள். பார்ட்டிஷன் வழக்கமாக 1 எம்பியில் தொடங்கும், அது 1.5 எம்பியின் மடங்கு அல்ல, அதனால் ஸ்ட்ரைப்போடு பொருந்தாது.