18-0-18ஆ, 24-0-24ஆ? வீட்டில் கட்டும் ஆம்ப்ளிஃபையருக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர்

டிடிஏ 7294 என்கிற ஆம்ப்ளிஃபையர் ஐசி ரெண்டு வைத்து ஸ்டீரியோ ஆம்ப் கட்டுகிறவர்கள், போர்டை முடித்ததும் எந்த டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது என்று வந்து நிற்கிற இடம் இது. 18-0-18 என்றால் நடு வயருக்கு இரண்டு பக்கமும் 18 வோல்ட் ஏசி, 24-0-24 என்றால் 24. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் பெரும்பாலும் 24-0-24, 5 ஆம்பியர்தான் கையில் கொடுப்பார்கள். நான் 18-0-18, 5 ஆம்பியர் வாங்கினேன், காரணம் என் ஸ்பீக்கர்கள் 4 ஓம். மறுபடி கட்டினாலும் அதையேதான் வாங்குவேன்.

விலை, எடை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 24-0-24 என்றால் 240 விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது), 18-0-18 என்றால் 180 விஏ, பெரியது கனமாகத்தான் இருக்கும். சத்தத்துக்கு வருவோம். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரையும் கெபாசிட்டரையும் தாண்டி 24-0-24இல் பிளஸ் மைனஸ் 33 வோல்ட் கிடைக்கும், 18-0-18இல் 24.5 வோல்ட். 4 ஓமில் இந்தச் சின்னதே சேனலுக்கு 40 வாட்டுக்கு மேல் சுத்தமாகத் தருகிறது. வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் காதுக்குக் கிடைப்பது 3 டெசிபெல்தான், ஒரு ஹாலுக்குள் அது பெரிய வித்தியாசமே இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது சூடு. 4 ஓம் லோடில் 33 வோல்ட் சப்ளை கொடுத்தால், மோசமான நிலையில் ஒரு ஐசிக்குள் மட்டும் சுமார் 55 வாட் சூடாகிறது, 24.5 வோல்ட்டில் அது 30 வாட்தான். ஐசியின் உள்ளிருந்து அதன் முதுகிலுள்ள உலோகத் தகடு வரை வாட்டுக்கு 1.5 டிகிரி வரை ஏறலாம் என்கிறது டேட்டாஷீட். அந்தத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்திருப்பதால் அதற்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இடையில் மின்சாரம் கடத்தாத மைக்காவும் போட்டாக வேண்டும், அது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றும். ஹீட்சிங்க் 60 டிகிரியில் இருக்கிறது என்று வைத்தாலே 55 வாட்டுக்கு உள்ளே 140ஐத் தாண்டிவிடும். 145இல் ஐசி தானாக மியூட் ஆகிவிடும், பாட்டு நடுவில் நின்று கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வரும். மே மாத வெயிலில் இதைச் சமாளிக்க ஃபேன் வைக்க வேண்டும், அப்புறம் மெல்லிய பாட்டில் அந்த ஃபேன் இரைச்சலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். டேட்டாஷீட்டிலேயே 70 வாட்டுக்கு 4 ஓம் என்றால் 27 வோல்ட், 8 ஓம் என்றால் 35 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, ராத்திரியில் லைன் 250 வோல்ட்டுக்கு ஏறினால், லோடு இல்லாத நேரத்தில் 24-0-24இன் டிசி 38 வோல்ட்டைத் தொடும். இந்த ஐசி வேலை செய்யும் எல்லையே 40தான். 18-0-18 அப்போதும் 29க்குள் நிற்கும், 35 வோல்ட் கெபாசிட்டரே போதும்.

8 ஓம் ஸ்பீக்கர் என்றால் கணக்கு மாறிவிடும். அங்கே 33 வோல்ட்டிலும் சூடு 28 வாட்டுக்குள்தான், அதனால் தாராளமாக 24-0-24 எடுக்கலாம். ஆனால் 8 ஓமில் நான் அதிகம் ஓட்டியதில்லை, கணக்கை வைத்துத்தான் சொல்கிறேன். டொராய்டல் எனும் வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மரும் அப்படித்தான், நண்பர் வீட்டில் கேட்டதோடு சரி, ஹம் என்கிற உறுமல் குறைவாக இருந்தது.

எதை எடுத்தாலும் ஆம்பியரில் மட்டும் கை வைக்காதீர்கள். கெபாசிட்டர் போட்ட சப்ளையில் 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொடர்ந்து எடுக்க முடிவது சுமார் 3 ஆம்பியர் டிசிதான், 3 ஆம்பியர் வாங்கினால் 2கூட வராது. காப்பர் வைண்டிங்தானா என்று கேட்டு, முடிந்தால் வயர் முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். எனாமலுக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம்.