கூலிங் வெஸ்ட்: தோட்டத்துக்கு நாலு நட்சத்திரம், சுரங்கத்துக்கு ஒன்றே ஒன்று

தண்ணீரில் முக்கிப் பிழிந்து போட்டுக்கொள்கிற கூலிங் வெஸ்ட் ஒன்றை 900 ராண்ட் கொடுத்து ஆன்லைனில் வாங்கினேன். 'சுரங்கத் தொழிலாளர்களுக்கும் ஏற்றது' என்று போட்டிருந்தார்கள், அதை நம்பித்தான். தென்னாப்பிரிக்காவில் கார்ல்டன்வில் பக்கம் தங்கச் சுரங்கத்தில் எனக்கு வேலை. கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழம் போகிற எம்போனெங் சுரங்கம் இந்த வட்டாரம்தான். அங்கே அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும், மேலிருந்து ஐஸ் கலந்த தண்ணீரை இறக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறார்கள். நாங்கள் இருப்பது அவ்வளவு ஆழமில்லை, ஆனாலும் வேர்வைக்குக் குறைவில்லை.

முதலில் சனிக்கிழமை வீட்டில் புல் வெட்டும்போது போட்டுப் பார்த்தேன். இங்கே காற்று காய்ந்த காற்று, இரண்டு மணி நேரம் முதுகு ஜில்லென்று இருந்தது. திங்கட்கிழமை அதையே கீழே கொண்டுபோனேன். சுரங்க லிஃப்ட் கூண்டில் இறங்கி, அரை மணி நேரம் நடந்து வேலை இடத்துக்குப் போவதற்குள் வெதுவெதுப்பான ஈரச் சாக்கு ஆகிவிட்டது. ஈரப்பதம் அளக்கிற கருவியைச் சுழற்றிப் பார்த்தால் ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர்) 29 டிகிரி, உலர்குமிழ் (சாதாரண தெர்மாமீட்டர்) 31. இரண்டும் இவ்வளவு நெருங்கினால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். நம் வேர்வையே காயாத இடத்தில் வெஸ்ட்டில் இருக்கிற தண்ணீர் எப்படிக் காயும்? போதாக்குறைக்கு, உடம்பில் படுகிற கொஞ்சநஞ்சக் காற்றையும் அது மறைக்கிறது. இங்கே ஈரக்குமிழ் 27.5-ஐத் தாண்டினாலே சூட்டுக்கென்று தனி ஏற்பாடு வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் ஷிஃப்ட் பாஸ் வேறு வகை ஒன்றை இரவல் கொடுத்தார், உறைய வைத்த பைகளைச் செருகுவது. அது காற்றை நம்பி இல்லை, உருகும்போது உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. நிஜமாகவே வேலை செய்தது, ஒன்றரை மணி நேரம். ஆனால் 2 கிலோவுக்கு மேல் கனம், இடுப்பில் விளக்கு பேட்டரியும் செல்ஃப் ரெஸ்க்யூவரும் (புகை, விஷவாயு வந்தால் மூச்சுவிட உதவுகிற கருவி) ஏற்கெனவே தொங்குகிற இடத்திலேயே இதுவும் வந்து குத்துகிறது. உருகிவிட்டால் வெறும் சுமை. தண்ணீர் குடிக்க உட்காரும்போது மட்டும், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டால் சரி.

எதைப் போட்டாலும், லீவு முடிந்து வருகிறவர்கள் முதல் நாளே முழு வேகத்தில் இறங்க வேண்டாம். சூடான ஈர அறையில் 30 நிமிடம் படி ஏறி இறங்கி, சூடு தாங்குகிற டெஸ்ட்டைப் பாஸ் செய்தவன்தான் நானும், ஆனால் சூட்டுக்குப் பழகிய பழக்கம் உடம்புக்குச் சில வாரத்திலேயே போய்விடுகிறது.

வெஸ்ட்டைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். நனைத்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். நனைக்காமல் எப்படி அய்யா போட்டுப் பார்ப்பது? இப்போது ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் சித்தப்பா அதைப் போட்டுக்கொண்டு பிராய் (இறைச்சி சுடுகிற) அடுப்பு முன்னால் நிற்கிறார், அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.