இங்கிலாந்தில் ஆங்கிலம் படிக்க ஏஜென்டிடம் பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

கோவையில் ஒரு கன்சல்டன்சியிடம் 9,60,000 ரூபாய் கட்டி, 2024 செப்டம்பரில் ஆங்கிலம் படிக்க இங்கிலாந்து போனேன். முப்பது வாரப் படிப்பு. பதினெட்டாவது வாரமே ஊருக்குத் திரும்பிவிட்டேன். அதே கன்சல்டன்சி போன மாதம் எங்கள் ஊர்க் கல்லூரியில் கூட்டம் நடத்தியதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ராசிபுரம் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் மெக்கானிக்கல். எழுத்துத் தேர்வில் தேறிவிடுவேன். நேர்காணலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூன்று கம்பெனி அப்படியே கைநழுவிப் போனது. கன்சல்டன்சிக்காரர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "வாரத்துக்கு இருபது மணி நேரம் பார்ட் டைம் பண்ணலாம்ங்க. தம்பி தன் செலவைத் தானே பாத்துக்குவான். ஆறு மாசத்துல ஐஈஎல்டிஎஸ்-ல ஏழு வாங்கிடுவான். அங்கேயே ஸ்டூடன்ட் விசாவுக்கு மாத்தி மாஸ்டர்ஸ் சேத்துடலாம்."

ஐஈஎல்டிஎஸ் என்பது வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கும் ஆங்கிலத் தேர்வு, மதிப்பெண் ஒன்பதுக்கு. அவர் சொன்ன மூன்றுமே பொய் என்று இப்போது தெரியும். எனக்குக் கிடைத்தது குறுகிய காலப் படிப்பு விசா. ஆறு மாதத்துக்கு மேல் பதினொரு மாதம் வரை ஆங்கிலம் மட்டும் படிக்கப் போகிறவர்களுக்கு பிரிட்டன் கொடுப்பது இது. இதில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. நீட்டிக்க முடியாது, அங்கிருந்தபடி வேறு விசாவுக்கு மாறவும் முடியாது. வாரத்துக்கு இருபது மணி நேர வேலை என்பது பட்டப்படிப்புக்குப் போகிறவர்களின் ஸ்டூடன்ட் விசாவுக்கான விதி. அதை எடுத்து இதற்கு ஒட்டிவிட்டார். பிரிட்டன் அரசின் இணையதளத்தில் எளிய ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அந்த எளிய ஆங்கிலத்தைத் தனியாகப் படிக்கும் தைரியம் அன்று எனக்கு இல்லை. அவர்கள் பிழைப்பே இந்த இடத்தில்தான் நடக்கிறது.

பள்ளி இருந்தது போர்ன்மவுத்தில். லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், கடலோர ஊர். ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பேர்போன இடம். ஆங்கிலத் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நாள் தேர்வு வைத்து, கீழிருந்து இரண்டாவதான ஏ2 வகுப்பில் உட்கார வைத்தார்கள். சவூதி, துருக்கி, பிரேசில் மாணவர்கள் கூட இருந்தார்கள். ஆசிரியர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வாரத்துக்கு இருபது மணி நேர வகுப்பு என்று கோவையில் சொன்னது, அங்கே இருபது பாடவேளையாக இருந்தது. ஒரு பாடவேளை 45 நிமிடம். ஆக வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்தான். பள்ளியின் விலைப்பட்டியலில் இது ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. எனக்கு அந்தப் பட்டியலைக் காட்டவே இல்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் தேர்வுக்காரர்கள் சொல்லும் உத்தேசக் கணக்குப்படி, ஏ2 நிலைக்கு வரச் சுமார் 200 மணி நேரப் படிப்பு. ஐஈஎல்டிஎஸ் ஏழுக்கு இணையான சி1 நிலைக்கு 700 முதல் 800 மணி நேரம். நடுவில் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. முப்பது வாரமும் ஒரு நாள் விடாமல் போயிருந்தாலும் எனக்குக் கிடைத்திருப்பது 450. அவர் சொன்ன ஆறு மாதத்தில் ஏழு என்பது என்னைப் போல ஏ2-வில் தொடங்கும் பையனுக்கு முதல் நாளிலிருந்தே நடக்காத காரியம்.

பெரிய அடி நான்காவது வாரம் விழுந்தது. தங்கியிருந்தது ஹோம்ஸ்டேயில். ஓய்வுபெற்ற ஓர் அம்மா வீடு, வாரத்துக்கு 190 பவுண்டு. முதல் பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்துக் கன்சல்டன்சியிடம் கட்டியிருந்தோம். பள்ளி அலுவலகத்தில் கூப்பிட்டு, உங்கள் அறைக்கான காலம் இந்த ஞாயிறோடு முடிகிறது, நீட்டிக்கிறீர்களா என்று கேட்டார்கள். எனக்குக் கேள்வியே புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் அவர்கள் தங்களுக்கு வந்த தொகையைத் திரையில் காட்டினார்கள். பள்ளிக் கட்டணம் 5,100 பவுண்டு முழுதாக வந்திருந்தது. ஹோம்ஸ்டேக்கு நான்கு வாரம் மட்டும். எட்டு வாரப் பணம் 1,520 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,65,000 ரூபாய், கோவையைத் தாண்டவே இல்லை.

போன் செய்தேன். நான்கு நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்து, "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று சொல்லி, ஒரு இந்திய ரெஸ்டாரன்ட் நம்பரைக் கொடுத்தார். கையில் காசாகத் தருவார்களாம். போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். நூலகத்தில் வாரம் ஒருமுறை நடக்கும் இலவசப் பேச்சு வகுப்பில் அறிமுகமான திருநெல்வேலி அண்ணன் ஒருவர் தடுத்தார். இந்த விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் அனுப்பிவிடுவார்கள், பிறகு எந்த விசா கேட்டாலும் அது வந்து நிற்கும். அந்த நம்பரைக் கொடுத்ததுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று இன்றும் நினைக்கிறேன். பணத்தைத் தின்றதோடு நிற்காமல் ஒரு பையனின் எதிர்காலத்தையே மாட்டிவிடப் பார்த்தார்.

அம்மா செயினைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து அப்பா பணம் அனுப்பினார். நான்கு பேர் இருந்த வீட்டில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு ஜனவரி வரை தாக்குப்பிடித்தேன். மீதிப் பன்னிரண்டு வாரப் பள்ளிக் கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை. படிப்பு தொடங்கிய பின் திருப்பித் தருவதில்லை என்பது பள்ளியின் விதி. நான் கையெழுத்திட்ட தாளில் இருந்தது. பி1 வரை வந்தேன். பேச வாய் திறந்தது, அது உண்மை. அதில் பாதி அந்த நூலக வகுப்பிலும் ஹோம்ஸ்டே அம்மாவின் சமையலறையிலும் வந்தது.

போக நினைப்பவர்கள் பள்ளிக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். தப்புத் தப்பான ஆங்கிலமாக இருந்தாலும் பதில் போடுவார்கள், தினமும் அப்படிப்பட்ட கடிதம்தான் அவர்களுக்கு வருகிறது. பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பிரிட்டிஷ் கவுன்சில் தளத்தில் பார்க்கலாம். பள்ளியின் பெயரில் வரும் இன்வாய்ஸ் இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள், பணமும் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். ஏஜென்டுக்குப் பள்ளியே கமிஷன் கொடுப்பது வழக்கம். அவர் வழியாகப் பணம் போக வேண்டிய அவசியமே இல்லை. எங்களுக்கு இது தெரியாது.

ஏற்கனவே கட்டிவிட்டவர்கள், எனக்காக எவ்வளவு பணம் வந்தது என்று இன்றே பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்டுப் பள்ளியிடம் வாங்கிய ஒரு மின்னஞ்சல்தான் என் கையில் இருக்கும் சாட்சி. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதற்கு இரண்டு வருடம்தான் கெடு, தள்ளிப்போடாதீர்கள். எதிர்த்தரப்பு இரண்டு முறை வாய்தா வாங்கிவிட்டது. அம்மாவின் செயின் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. இதே போல ஹோம்ஸ்டே பணம் குறைந்துபோன யாராவது நாமக்கல், சேலம், ஈரோடு பக்கம் இருந்தால் ரசீதோடு தொடர்புகொள்ளுங்கள். தனித்தனியாக அலைவதைவிடச் சேர்ந்து போகலாம்.