ஆய்வுகூட வேலை என்று சொல்லி விற்ற பட்டம்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு யாழ்ப்பாணத்து மதில்களில் பட்டப்படிப்பு விளம்பரங்கள் ஏறிவிடும். உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்தும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு எட்டாத பிள்ளைகள்தான் அவர்களின் குறி. என் தங்கையும் அப்படித்தான் அகப்பட்டாள். நகரத்தில் இயங்கும் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை; நடந்ததை எழுதுகிறேன்.

அவர்கள் விற்றது உயிர்மருத்துவ விஞ்ஞானப் பட்டம். இரண்டு ஆண்டுகள் இங்கே, கடைசி ஆண்டு கொழும்பில், பட்டம் தருவது பிரித்தானியப் பல்கலைக்கழகம். "அன்ரி, ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். முடித்தவுடன் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. கம்பஸில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளும் இதைத்தான் படிக்கிறார்கள்" என்று ஆலோசகர் அம்மாவிடம் சொன்னார். லண்டனில் இருக்கும் மாமா விசாரித்து, அந்தப் பல்கலைக்கழகம் உண்மையானதுதான் என்றார். முற்பணம் கட்டியாயிற்று.

மாமா சொன்னதில் பிழையில்லை. ஏமாற்று வேறிடத்தில் இருந்தது. இலங்கையில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்பது ஒரு விடயம். அது தரும் பட்டம் அந்தப் பதிவுக்குச் செல்லுமா என்பது வேறொரு விடயம். உயிர்மருத்துவ விஞ்ஞானம் நல்ல படிப்புத்தான்; அதை வைத்து ஆராய்ச்சிக்குப் போகலாம், மேற்படிப்புக்குப் போகலாம். ஆனால் நோயாளியின் இரத்த அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை அதோடு தானாக வந்துவிடாது. பயிற்சிக்கு இடம் கேட்டுப் போன ஆய்வுகூடத்தில் பதிவைப் பற்றிக் கேட்டபோதுதான் தங்கைக்கே இது தெரிந்தது. திரும்பி வந்து விளம்பரக் கையேட்டைப் புரட்டினோம். ஆஸ்பத்திரி வேலை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் ஆலோசகரின் வாயில் மட்டும் இருந்தது.

படிப்பின் இலட்சணத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியல், உயிரிரசாயனவியல், மரபியல் மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். அவள் நுண்ணுயிரியலுக்காகவே சேர்ந்தவள். படிவத்தையும் நிரப்பி வாங்கிக்கொண்டு, பிறகு ஆள் போதாது என்று எல்லோரையும் மரபியலில் போட்டுவிட்டார்கள். உண்மையில் மரபியலுக்கு மட்டும்தான் விரிவுரையாளர் இருந்தார். அவரும் கொழும்பிலிருந்து சூம் வழியாக.

பக்டீரியாவை நிறமூட்டி வகைபிரிக்கும் கிராம் சாயமூட்டல் செய்தவர்களுக்குத் தெரியும், அதற்குப் பாவிக்கும் கிரிஸ்டல் வயலட் சாயம் விரலில் பட்டால் இலேசில் போகாது. என் தங்கையின் விரல்கள் எப்போதும் சுத்தமாகவே இருந்தன. செய்முறை என்று நேரசூசியில் போட்ட வேளையில் வீடியோ ஓடியது. ஊதா என்றால் கிராம் நேர், இளஞ்சிவப்பு என்றால் கிராம் எதிர் என்று பலகையில் எழுதியதைப் பார்த்துக் கொப்பியில் நிறம் தீட்டினார்கள். விளம்பரப் படத்தில் பளபளத்த, டிஎன்ஏயைப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் மூலையில் பொலித்தீன் உறையோடு கிடந்தது. அதன் மின்வயர் கொழும்புக் கிளையில் இருப்பதாகப் பொறுப்பாளர் சொன்னார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

விலகப் போனபோது பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்: கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில்.

இந்த முறை யாராவது இப்படியான இடத்துக்குப் போவதாக இருந்தால், ஆலோசகரின் மேசையில் உட்காருமுன் வாசலில் நின்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். வேலைநாளில் ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைசியில் கையில் கிடைப்பது, படிப்புகளை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் எத்தனையாம் மட்டம் என்று எழுத்தில் வாங்குங்கள்: உயர் டிப்ளோமா 4, 90 கிரெடிட் கொண்ட பொதுப் பட்டம் 5, 120 கிரெடிட் கொண்ட சிறப்புப் பட்டம் 6. இடையில் நின்றால் என்ன சான்றிதழ் என்றும் கேளுங்கள். ஆஸ்பத்திரி வேலை என்று யாராவது சொன்னால், மருத்துவ சபைக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். நிறுவனம் காட்டும் கடிதத்தை நம்ப வேண்டாம்.

விஞ்ஞானம்தான் படிக்க வேண்டும், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி இடம்தரவில்லை என்றால், கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. தங்கை இப்போது அங்கேதான் விண்ணப்பித்திருக்கிறாள்.