ஊட்டிக்குக் குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

போன மாதம் கோபியிலிருந்து அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிப்போனேன். மேட்டுப்பாளையம் தாண்டினால் மலைக்கு இரண்டு வழி. பர்லியார், குன்னூர் வழியாகப் போவது தேசிய நெடுஞ்சாலை 181. கோத்தகிரி வழியாகப் போவது மாநில நெடுஞ்சாலை 15. ஈரோட்டில் கிளம்பி கோபி, சத்தியமங்கலம் என்று எங்கள் ஊர்ப்பக்கமாகவே வருகிற சாலைதான் அது.

தூரத்தில் குன்னூர்தான் கிட்டம். கோத்தகிரி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல். பர்லியாரில் பழக்கடைகள் உண்டு, மலை ரயில் பாதையும் கண்ணில் படும். முதல்முறை போகிறவர்கள் அதில் போகலாம்.

நான் கோத்தகிரிக்குத் திருப்பியது அம்மாவுக்காக. மலை ஏறினாலே அவருக்குக் குமட்டும். குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். மேலிருந்து பேருந்து இறங்கும்போது வளைவுக்கு முன்னாலேயே நின்று, அது போனதும் முதல் கியரில் திணறி ஏறி, அடுத்த வளைவில் மறுபடி நிற்க வேண்டும். இந்த நின்று நின்று ஏறுவதில்தான் வயிறு புரளுகிறது. முந்தைய பயணத்தில் குன்னூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை வண்டியை ஓரம்கட்டினோம். கோத்தகிரிப் பாதையில் அப்படிப்பட்ட வளைவுகள் குறைவு, வண்டிகளும் குறைவு. இரண்டாம் மூன்றாம் கியரிலேயே சீராக ஏறினோம். குஞ்சப்பனை, அரவேணு எல்லாம் தாண்டிக் கோத்தகிரியில் அம்மா டீ கேட்டு வாங்கிக் குடித்தார். அங்கிருந்து கட்டபெட்டு, தொட்டபெட்டா வழியாக ஊட்டி.

நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் முதலில் போட்ட பாதையும் இந்தப் பக்கம்தான். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கத்துக்கு அவர் தொடங்கிய பாதை 1823இல் முடிந்தது. 1830களில் குன்னூர் வழி திறந்ததும் போக்குவரத்து அங்கே போய்விட்டது. இன்றைய சாலை அந்தப் பழைய தடத்திலேயே போகவில்லை. ஆனாலும் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய வீடு இருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அடைமழையிலும் இரவிலும் நான் இதில் ஓட்டியதில்லை. அதனால் அந்த நேரங்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கோடை சீசனில் பெரும்பாலும் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களைக் கூட்டிப்போவதென்றால் சீசன் முடிந்த பிறகு கிளம்புங்கள்.