பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று: ஏழு ஆண்டுகளாக என் .223 ரைபிளும் அதற்கு ஒத்துவந்த குண்டும்

சான் ஹோசேயில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் அழைத்தார். "அண்ணா, உங்களிடம் இருக்கும் அதே ரைபிள் இப்போது விலை இறங்கியிருக்கிறது. வாங்கிவிடட்டுமா? வாங்கினால் எந்தக் குண்டு போடுவது?" என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துகொண்டுதான் முதல் கேள்விக்கே வர வேண்டும் என்று சொல்லத் தொடங்கி, பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டுவிட்டது. அவரிடம் வாய்ப்பேச்சாகச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ரைபிளின் அடிப்படை விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே: .223 ரெமிங்டன் தோட்டா, 22 அங்குலக் குழல், கையால் இழுத்துத் தள்ளும் போல்ட், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எந்த மாற்றமும் செய்யப்படாத துப்பாக்கி. நான் அதை 2018-ல் வாங்கினேன். கலிபோர்னியாவின் யோலோ மாவட்டத்தில் எனக்குப் பழக்கமான ஒருவரின் பாதாம் தோப்பில் தரை அணில்களைக் கட்டுப்படுத்துவதே அதன் முக்கிய வேலை. வேரடியில் வளை தோண்டி, சொட்டுநீர்க் குழாய்களைக் கடித்து வைக்கும் அணில்கள் அவை. சுடும் தூரம் பெரும்பாலும் 80 கஜத்திலிருந்து 200 கஜம் வரை. விசை (டிரிகர்) மிக நன்றாக இருக்கிறது. எந்த இழுவையும் இல்லாமல் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் விடுபடுகிறது. போல்ட் இந்த ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. இவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

முதல் பருவம் முழுவதும் செம்பு உறைக்குள் ஈய உள்ளகம் கொண்ட 55 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடையளவு) குண்டுகளையே சுட்டேன், எந்தக் குறையும் தெரியவில்லை. சுடுதளத்தில் காகிதத்துக்காக மட்டும் வாங்கிய 52 கிரெயின் போட்டிக் குண்டு என்னைத் திகைக்கவைத்தது. 100 கஜத்தில், அதாவது ஏறக்குறைய 91 மீட்டரில், ஐந்து தோட்டாக்களைச் சுட்டுவிட்டு நடந்துபோய்ப் பார்த்தால், ஐந்து துளைகளையும் ஒரு குவார்ட்டர் (கால் டாலர்) நாணயத்தால் மூடிவிடலாம். இந்த விலையில் விற்கும் ஒரு துப்பாக்கியிடம் நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் மறைக்க விரும்பவில்லை.

2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் எந்தக் காட்டுயிரைச் சுடுவதானாலும் ஈயமில்லாத குண்டுகளையே பயன்படுத்த வேண்டும் என்ற சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதைக் குறித்து எனக்கு வருத்தமில்லை. செத்த உடல்களைத் தின்னும் பெரும்பறவையான கலிபோர்னியக் காண்டார், 1982-ல் உலகிலேயே 22 மட்டும்தான் எஞ்சியிருந்தது. சுடப்பட்ட விலங்கின் உடலில் தங்கும் ஈயத்துணுக்குகள் அதைத் தின்னும் பறவையைக் கொல்கின்றன என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. நாம் சுட்டுப்போட்ட அணிலைப் பருந்து தூக்கிச் செல்வதைக் கண்ணால் பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே மனமுவந்தே செம்புக் குண்டுக்கு மாறினேன். காற்றை எதிர்த்து நிற்க எடை கூடுதலாக இருப்பது நல்லது என்று எண்ணி, 62 கிரெயின் முழுச் செம்புக் குண்டு ஏற்றிய தோட்டாக்களில் மூன்று பெட்டிகள் வாங்கினேன்.

50 கஜத்தில் வைத்த அட்டையிலேயே துளைகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தன. 100 கஜத்தில் ஒரு குண்டு அட்டையையே தொடவில்லை. பட்டவற்றில் ஒன்று, குண்டின் பக்கவாட்டு உருவத்தை, கூர்நுனியும் நீண்ட உடலுமாக, காகிதத்தில் அச்சடித்தாற்போல் கிழித்திருந்தது. குண்டு நேராகப் பறக்காமல் குறுக்கே புரண்டு வந்திருக்கிறது. சாவித்துவாரம் என்று சுடுபவர்கள் சொல்லும் அந்தத் துளையை அதற்கு முன் நான் கண்டதில்லை. தொலைநோக்கியைப் பொருத்தும் திருகுகள் தளர்ந்துவிட்டன என்று நினைத்து அவற்றை முறுக்கினேன். பிறகு தொலைநோக்கியையே ஐயப்பட்டுக் கடைக்காரரிடம் காசு கொடுத்துக் கழற்றி மாட்டினேன். பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர்தான் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தொலைநோக்கியை விடுங்கள், உங்கள் குழல் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. குழலின் மேல் தோட்டாவின் பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தது; பெட்டியிலும் கையேட்டிலும்கூட அந்த எண் இல்லை.

அன்று இரவு வீட்டில் அளந்து பார்த்தேன். கைப்பிடி தானாகச் சுழலும் வகைத் துப்புரவுக் கம்பியின் நுனியில் துணியை இறுக்கமாகப் பொருத்தி, கம்பியின் மேல்பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காலியான குழலுக்குள் மெதுவாகத் தள்ளினேன். உள்ளே திருகுபோல் வெட்டியிருக்கும் புரிகளைப் பிடித்துக்கொண்டு கம்பி சுழல, கோடு பக்கவாட்டில் இறங்கி, அடியில் மறைந்து, மறுபக்கம் ஏறி மீண்டும் மேலே வந்தது. அதற்குள் கம்பி நகர்ந்த தூரம் 12 அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவு. அதாவது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, சுருக்கமாக 12 அங்குலப் புரி. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் அதே விடைதான்.

விஷயம் இதுதான். பம்பரம் வேகமாகச் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கும், வேகம் போதாவிட்டால் தலையாட்டிக்கொண்டே சாயும். குண்டும் அப்படித்தான், ஆனால் அதற்கு எத்தனை சுழற்சி வேண்டும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது அதன் எடையன்று, நீளம். 1879-லேயே ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் இதற்கு ஒரு சூத்திரம் வகுத்துவிட்டார். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பினுடையது ஏறக்குறைய 9 கிராம்; ஆகவே ஒரே விட்டத்தில் ஒரே எடையுள்ள குண்டைச் செம்பில் செய்தால் அது நீண்டுதான் தீரும். என் மேசையில் பழைய 55 கிரெயின் ஈயக் குண்டையும் புதிய 62 கிரெயின் செம்புக் குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது, பின்னது ஒரு நெல்மணி அகலத்துக்கு உயர்ந்து நின்றது. அந்த நெல்மணி அகலம்தான் மூன்று பெட்டிக் காசையும் தின்றது. நொடிக்கு 3,200 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு, 12 அங்குலப் புரியில் நிமிடத்துக்கு 1,92,000 முறை சுழல்கிறது. 8 அங்குலப் புரியில் 2,88,000 முறை. நீளக் குண்டுக்குத் தேவைப்படுவது பின்னது.

என் எரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது, இத்தனை ஆண்டுகள் ஆகியும் அது அடங்கவில்லை. தயாரித்த நிறுவனத்தை அழைத்துக் கேட்டேன். ".223 என்று பெட்டியில் எழுதியிருக்கும் எந்தத் தோட்டாவையும் பாதுகாப்பாகச் சுடலாம்" என்று மட்டும் பதில் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அது பொய்யன்று. குழல் வெடிக்காது, போல்ட் உடையாது. ஆனால் நான் கேட்டது அதுவல்லவே! புரண்டு பறக்கும் குண்டு எங்கே போய் விழும் என்று தெரியாத நிலையில், தோப்புக்கு அப்பால் வீடுகள் இருக்கும் இடத்தில், அந்தப் பதிலைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியாது.

இந்தத் தவற்றைத் துப்பாக்கித் தொழில் முன்பே ஒருமுறை செய்து விலைகொடுத்திருக்கிறது. 1955-ல் ரெமிங்டன் .244 என்ற தோட்டாவை 12 அங்குலப் புரியோடும், வின்செஸ்டர் .243-ஐ 10 அங்குலப் புரியோடும் வெளியிட்டன. மான் வேட்டைக்காரர்கள் 100 கிரெயின் குண்டைக் கேட்டார்கள்; .243 அதை நன்றாகச் சுட்டது, .244 சறுக்கியது. 1963-ல் 6மிமீ ரெமிங்டன் என்று பெயரையும், 9 அங்குலம் என்று புரியையும் மாற்றிய பிறகும் அது இழந்த இடத்தைப் பிடிக்கவில்லை. அதே 1963-ல்தான் அமெரிக்கப் படையின் ஏ.ஆர்-15 துப்பாக்கியின் புரி 14 அங்குலத்திலிருந்து 12 ஆக இறுக்கப்பட்டது. கடுங்குளிரில் காற்று அடர்ந்துவிடுவதால் 55 கிரெயின் குண்டே தடுமாறியதுதான் காரணம். 1980-ல் நேட்டோ நாடுகள் 62 கிரெயின் குண்டுக்கு மாறியபோது புரி 7 அங்குலமாயிற்று. ஆக, என் துப்பாக்கியின் 12 அங்குலம் 1960-களின் 55 கிரெயின் ஈயக் குண்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

குளிரின் கதையை நானே அனுபவித்தேன். இடைப்பட்ட எடையில் ஒன்று போதுமே என்று 55 கிரெயின் செம்புக் குண்டை முயன்றேன். செப்டம்பர் வெயிலில் ஒன்றேகால் அங்குலத்துக்குள் கூடியவை, ஜனவரியில் பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் படிந்திருந்த ஒரு காலையில் மூன்று அங்குலத்துக்கு விரிந்தன. துளைகளின் ஓரம் ஒருபக்கமாக நசுங்கியிருந்தது. விளிம்பில் நிற்கும் குண்டை நம்பி உயிருள்ள ஒன்றைக் குறிவைக்கக் கூடாது என்று அன்றே அதையும் விட்டேன்.

கடைசியில் நிலைத்தது 50 கிரெயின் செம்புக் குண்டு, நுனியில் பிளாஸ்டிக் முனை கொண்டது. பெட்டியை வாங்குமுன் அதன் தயாரிப்பாளர் அந்தக் குண்டுக்கு எத்தனை அங்குலப் புரி வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறார் என்பதைப் பார்த்து, 12 போதும் என்று உறுதிசெய்துகொண்டேன். ஐந்து குண்டுகள் ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுகின்றன, குளிரிலும் வெயிலிலும். ஒரு எச்சரிக்கை: ஈயக் குண்டிலிருந்து செம்புக்கு மாறும்போது குழலை முழுவதும் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள். அம்மோனியா கலந்த கரைப்பானில் நனைத்த துணி மயில்நீலமாக வெளியே வரும்வரை உள்ளே பழைய செம்பு ஒட்டியிருக்கிறது என்று பொருள். நிறம் நின்ற பிறகுதான் புதிய குண்டின் தரத்தை மதிப்பிட முடியும். மூன்று தோட்டாக்களைச் சுட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஐந்து சுட்டு, குழல் ஆறியபின் மறுநாள் இன்னும் ஐந்து சுடுங்கள்.

ஆனால் மாலையில் கடல் பக்கமிருந்து டெல்டாக் காற்று கிளம்பிவிட்டால் இந்த இலகுவான குண்டு தாக்குப்பிடிப்பதில்லை. 200 கஜத்தில், மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில், நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் விலகுகிறது. ஒரு தரை அணிலின் அகலமே அவ்வளவு இல்லை. எடை கூடிய, நீளமான குண்டு இருந்தால் இந்த விலகல் குறையும். குழல் அதை ஏற்காது. ஆகவே காற்று எழுந்ததும் 120 கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கோடையில் பாதி மாலைகளை இப்படித்தான் இழக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்த 12 அங்குலம் நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது. புரியை 8 அங்குலமாக வெட்டியிருந்தால் தொழிற்சாலைக்குச் செலவு ஒன்றும் கூடியிருக்காது. 50 கிரெயினும் ஓடியிருக்கும், 69-உம் ஓடியிருக்கும்.

நண்பரிடம் சொன்னது இவ்வளவுதான்: விலை இறங்கியிருந்தாலும் அந்த ரைபிளை வாங்க வேண்டாம். கடைக்காரரிடம் .223-ல் 8 அங்குலப் புரியுள்ளதைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் துப்புரவுக் கம்பியை எடுத்துவரச் சொல்லி அங்கேயே அளந்து பாருங்கள். "அப்படியானால் உங்களுடையதை எப்போது மாற்றப்போகிறீர்கள்?" என்று அவர் கேட்டார். மாற்றப்போவதில்லை. அந்த விசையைப் போல் இன்னொன்று என் விரலுக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 50 கிரெயின் குண்டில் ஒரே தொகுதி எண் போட்ட நான்கு பெட்டிகள் நேற்று வந்துசேர்ந்தன. சனிக்கிழமை காலை, காற்று எழுமுன், சுடுதளத்துக்குப் போய் அவற்றுக்குக் குறியைச் சரிசெய்துவிட்டு வர வேண்டும்.